ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு மதிப்பு? செஸ் இன்ஜின் போடும் கணக்கு

லைவ்ல செஸ் மேட்ச் பார்க்கும்போது கவனிச்சிருப்பீங்க. யாரோ ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் இவாலுவேஷன் பார் சடாரென ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சிப்பாயிடம் இன்ஜின் அப்படி என்னதான் பார்த்தது?

‘பாஸ்டு பான்’ என்றால்?

ஒரு சிப்பாய் போகும் வரிசையிலும், அதன் இருபக்க வரிசைகளிலும், முன்னால் எதிரிச் சிப்பாய் எதுவும் இல்லையென்றால் அது ‘பாஸ்டு பான்’. கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகலாம். எண்ட்கேமில் தடுக்க ஆள் குறைவு என்பதால், அங்கேதான் அதற்கு மவுசு.

மார்க் போடுவது எப்படி?

ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினில் முன்பு இதற்கு மனிதர்கள் எழுதிய விதிகள் இருந்தன. சிப்பாய் முன்னேற முன்னேற போனஸ் மார்க் எகிறும். முன்னால் உள்ள கட்டம் காலியா, அது எதிரியின் தாக்குதலில் இருக்கிறதா, எந்த ராஜா பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மார்க் கூடும், குறையும். 2020-ல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தது. பிறகு பழைய விதிகள் மொத்தமாக நீக்கப்பட்டன.

மார்க் மட்டும் போதுமா?

போதாது. 1921-ல் ரிச்சர்ட் ரேட்டி உருவாக்கிய புதிர் இதற்கு நல்ல உதாரணம். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆட வேண்டும். கறுப்புச் சிப்பாயை ஓடிப் பிடிக்க முடியாது. வெள்ளைச் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில். பார்த்தவுடன் தோல்விதான்!

ஆனால், முடிவு டிரா. வெள்ளை ராஜா ஜி7, எஃப்6 என்று குறுக்காக நடக்கிறார். ஒரே நடையில் இரண்டு வேலை: எதிரிச் சிப்பாயைத் துரத்துகிறார், தன் சிப்பாயையும் நெருங்குகிறார். கறுப்பு ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று நடந்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது மார்க் அல்ல, தேடல். அடுத்தடுத்த நகர்த்தல்களை ஆடிப் பார்த்த பிறகே இன்ஜின் முடிவுக்கு வருகிறது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால் அந்தத் தேடலும் தேவையில்லை. 2018-ல் முழுமையடைந்த சிஸிஜி ‘டேபிள்பேஸ்’ பட்டியலில் வெற்றியா, டிராவா, தோல்வியா என்ற விடை தயாராக இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

ரேட்டியின் பொசிஷன் ஆன்லைன் கேமில் வந்தால், நம்மில் பலர் உடனே ‘ரிசைன்’ பட்டனைத் தட்டிவிடுவோம். ஆட்டம் நடக்கும்போது நமக்கு இவாலுவேஷன் பாரும் கிடையாது. அதனால் எதிரியின் சிப்பாய் ஓட ஆரம்பித்தால் பதறாதீங்க. அது ராணியாக எத்தனை நகர்த்தல், நம் ராஜா போய்ச்சேர எத்தனை, வழியில் இன்னொரு மிரட்டல் விட முடியுமா? மூன்றையும் எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் முடிவெடுங்க.