பனிமய மாதா பேராலயம்: போரும் மீட்டெடுப்பும்

தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தின் வயதைக் குறிப்பதில் ஆய்வேடுகளிலேயே குழப்பம் நேர்கிறது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தியபோது கொண்டாடப்பட்டது நானூறாம் ஆண்டு. 2013இல் தங்கத் தேர் ஓடியபோது கொண்டாடப்பட்டதோ முந்நூறாம் ஆண்டு. முப்பத்தோராண்டு கடந்தபின் வயது நூறு குறைந்திருக்கிறது. எனினும் இரு கணக்குகளும் சரியானவையே. முதற்கணக்கு 1582இல் எழுந்த ஆலயத்திலிருந்து தொடங்குகிறது. மற்றது 1713இல் எழுந்த இன்றைய கட்டடத்திலிருந்து. இடைப்பட்ட 131 ஆண்டுகளில் இத்துறைமுகம் கண்ட இரு தாக்குதல்களின் வழி இவ்வேறுபாட்டை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். ஆலயத்திலுள்ள மாதா திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழி வரும் செய்தி. ஆனால் ஸ்பானியர் மணிலாவைக் கைப்பற்றியது 1571இல்தான். ஆகவே ஆண்டோ ஊர்ப்பெயரோ மறு ஆய்விற்குரியது. இச்செய்தியை அப்படியே எடுத்தாளும் நூல்கள் இதனைக் கருதுவதில்லை. 1582 ஆகஸ்டு 5ஆம் நாள், பனிமய மாதா திருவிழாவன்று, இயேசு சபையார் கட்டிய ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது.

1603இல் கயத்தாற்று நாயக்கரின் படை தூத்துக்குடியைத் தாக்கியபோது ஆலயம் எரியுண்டது. இதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. மக்கள் ஊரைவிட்டுக் கரைக்கு எதிரேயுள்ள தீவிற்குக் (இன்றைய முயல்தீவு) குடிபெயர்ந்து சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர். இதனை அச்சத்தால் ஓடிய செயலாக மட்டும் காண்பது போதாது. முத்துச் சலாபத்தில் வரும் வருவாய் குளியாளரைச் சார்ந்தது. அவர்கள் கரையில் இல்லையெனில் நாயக்கருக்கு வரியும் இல்லை. எனவே இக்குடிபெயர்வை ஒருவகை ஒத்துழையாமை எனலாம்.

இரண்டாம் தாக்குதல் வேறுவகையானது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். வழிபாட்டிடங்கள் மக்களின் கையைவிட்டுப் போயின. மாதா திருவுருவம் சிவந்தாகுளம், கொற்கை முதலிய ஊர்களில் மறைத்துக் காக்கப்பட்டது என்று மரபு கூறுகிறது. சீர்திருத்தச் சபைப் போதகர் பால்டேயுஸ் பரதவரைத் தம் சமயத்திற்கு ஈர்க்க முயன்றும் பயனில்லை. குருக்கள் இல்லாத நிலையிலும் சமூகம் சிதறாமல் நின்றதற்குச் சாதித் தலைவரையும் ஊர்தோறும் இருந்த பட்டங்கட்டிகளையும் கொண்ட நிருவாக அமைப்பு முதன்மைக் காரணமாகும். சலாபம் நடத்த டச்சுக் கும்பினிக்கும் அத்தலைவர்கள் தேவைப்பட்டனர். சமயக் கெடுபிடி காலப்போக்கில் தளர்ந்தமைக்கு இத்தேவையே காரணம் எனக் கருத இடமுண்டு. டச்சுக்காரரின் ஆட்சி நீடிக்கும்போதே, இயேசு சபைத் துறவி விஜிலியுஸ் மான்சியின் முயற்சியால் புதிய கத்தோலிக்க ஆலயம் எழுந்து, 1713 ஆகஸ்டு 5ஆம் நாள் நேர்ந்தளிக்கப்பட்டது. டச்சுக்காரர் தமக்கெனக் கட்டிய திரித்துவ ஆலயம் 1750ஆம் ஆண்டினது. ஊரில் இன்றும் உள்ளது.

ஆக, இங்கு நிகழ்ந்தது பழைய கட்டடத்தைச் செப்பனிடுதல் அன்று. 1914இல் ஜெர்மானியப் பீரங்கிகளால் சிதைந்த பிரான்சின் ரைம்ஸ் பேராலயம், எஞ்சிய சுவர்கள்மீதே சீரமைக்கப்பட்டு 1938இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்குத் தொடர்ச்சி கல்லில் உள்ளது. தூத்துக்குடியில் கட்டடம் மாறிற்று. மாறாதிருந்தவை திருவுருவமும் திருவிழா நாளும் தலைமை அமைப்பும் ஆகும். 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர் சாதித் தலைவர் தேர்மாறனின் பெயரோடு இணைத்து வழங்கப்படுவது இதனோடு பொருந்துகிறது. 2023ஆம் ஆண்டுத் திருவிழா 441ஆவது என எண்ணப்பட்டதும் அவ்வாறே. அவ்வெண் எரியுண்ட ஆலயத்திலிருந்து தொடங்குகிறது.

சொல்லாட்சி குறித்தும் ஒன்று கூற வேண்டும். ‘பேராலயம்’ என்னும் சொல் பசிலிக்காவையும் ஆயரின் இருக்கை அமைந்த தலைமை ஆலயத்தையும் ஒருசேரச் சுட்டுகிறது. 1923இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் திரு இருதய ஆலயமே ஆகும். பனிமய மாதா ஆலயம் அன்று. ஆய்வேடுகளில் இவ்விரண்டும் மயங்கி வருகின்றன. ஆகவே களஆய்வுக்குச் செல்வோர் பெயர்ப்பலகையில் காணும் ஆண்டு திருவுருவத்தின் வருகையைக் குறிப்பதா, முதல் ஆலயத்தைக் குறிப்பதா, இன்றைய கட்டடத்தைக் குறிப்பதா எனத் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும்.