சர்க்கரை மாத்திரையும் எடை ஊசியும்: இணையத்தில் வாங்கும் முன்

கைபேசிச் செயலியில் வயது, உயரம், எடை மூன்றையும் பதிந்தால் சற்று நேரத்தில் ஒரு மருத்துவர் அழைக்கிறார். நாலு கேள்வி கேட்கிறார். சீட்டு வருகிறது, பின்னாலேயே குளிர்ப்பெட்டியில் ஊசியும் வந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் மருந்து வாங்குவது இன்று இந்தியாவில் இவ்வளவு சுலபமாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவர் நேரில் பார்த்துத் தொடங்கிய சிகிச்சையைத் தொடர்வதற்கு இணையம் அருமையான வழி. புதிதாக ஒரு மருந்தைத் தொடங்க, அதிலும் எடை குறைக்கும் ஊசியைத் தொடங்க, முதல் தடவை நேரில் போயே ஆக வேண்டும்.

இணைய மருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் தேவை மிகப் பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நிதியில், சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. சர்க்கரை வந்தவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். அதே சீட்டைப் புதுப்பிக்க வேலைக்கு விடுப்புப் போட்டு, பேருந்து ஏறி, டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்க முடியாத ஒரு பெரியவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் பேசி மாத்திரையைத் தொடர முடிகிறதென்றால் அது நல்ல விஷயம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 மார்ச் 25-ஆம் தேதி, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்தியாவின் தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. பிறகு மருத்துவர்களின் தொழில் நடத்தை விதிகளில் அவை சேர்க்கப்பட்டன. தொலைவிலிருந்து எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவை பட்டியல் போட்டுப் பிரிக்கின்றன. முதல் சந்திப்பே காணொளி என்றால் எழுதக்கூடியவையாக அங்கே காட்டப்படுபவை தோல் களிம்பு, கண் சொட்டு மருந்து போன்ற ஆபத்துக் குறைந்தவை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு இரண்டும் தொடர் சிகிச்சையில் மறுபடி எழுதித் தரும் மருந்துகளாகவே இடம்பெறுகின்றன. மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குக் கூடுதலாகச் சிட்டாகிளிப்டின் சேர்ப்பதும் தொடர் சிகிச்சையில்தான். தொடர் சிகிச்சை என்றால், அதே மருத்துவர் அதே நோய்க்காகக் கடந்த 6 மாதத்துக்குள் உங்களை நேரில் பார்த்திருக்க வேண்டும். எடை குறைக்கும் ஊசிகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. முன்பின் பார்த்திராத ஒருவருக்கு முதல் அழைப்பிலேயே ஊசி எழுதுவது இந்த நெறிகளின் உணர்வுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நெறிகளில் நோயாளிக்குச் சாதகமான சில வரிகள் இருக்கின்றன. மருத்துவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலுள்ள மருத்துவர் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி மருத்துவருக்கு உதவலாம். அதுவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. நேரில் வர நீங்கள் தயாராக இருக்கும்போது இணையத்திலேயே பேசுங்கள் என்று மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, சீட்டை நேராக மருந்தகத்துக்கு அனுப்புவதென்றால் உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். மருந்தை எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஆலோசனை தரும் நிறுவனமே மருந்தையும் விற்கும் இடத்தில் இந்த வரிக்குத் தனி மதிப்பு. சீட்டின் பிரதியைக் கையில் தர மறுக்கும் செயலியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மருந்து விற்பனை தனிக் கதை. நாம் இங்கே பேசும் மருந்துகள் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. இணைய மருந்தகங்களுக்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அவை இறுதி வடிவம் பெறவில்லை. தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் இணைய விற்பனைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. இப்படித் தெளிவில்லாத நிலத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஆகவே உரிமம் பெற்ற கடையா, பில்லில் உரிம எண்ணும் மருந்தின் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் பொறுப்பாகிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். எடைக்காக இன்று பேசப்படுபவை முக்கியமாக இரண்டு: செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு. சாப்பிட்டதும் நம் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கிறது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த மருந்துகள் அந்த ஹார்மோனைப் போலவே, ஆனால் நீண்ட நேரம் வேலை செய்கின்றன. டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டுமே முதலில் சர்க்கரை நோய்க்காக வந்தவை. வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசிகள். செமாக்ளூட்டைடு மாத்திரையாகவும் உண்டு. அதை வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். எழுந்ததும் காபி குடித்துப் பழகியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பலன் உண்மையானது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் செமாக்ளூட்டைடு எடுத்தவர்களின் எடை 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான். டிர்செபடைடின் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காடு வரை குறைந்ததாக 2022-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் மருந்தை நிறுத்திய பின் ஓராண்டில், செமாக்ளூட்டைடு எடுத்தவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தகவலை மனதில் வைக்க வேண்டும். இது ரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலச் சிகிச்சை. செலவையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது, ஒரு வாரத்துக்கான மிகச் சிறிய அளவுக் குப்பியின் விலை 3,500 ரூபாய், மாதத்துக்கு 14,000. செமாக்ளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன்பின் பிற நிறுவனங்களும் செய்து விலை இறங்க இடமுண்டு. விலை இறங்கும்போது விளம்பரமும் அவசரமும் கூடும். எச்சரிக்கை அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

யாருக்கு இந்த மருந்து என்பதிலும் வரையறை இருக்கிறது. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் பிஎம்ஐ எண் 30 அல்லது அதற்கு மேல். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற துணை நோய் இருந்தால் 27. உயரம் 160 சென்டிமீட்டர் என்றால் 30 என்பது ஏறக்குறைய 77 கிலோ, 27 என்பது 69 கிலோ. 60 கிலோவிலிருந்து 54-க்கு இறங்க விரும்புபவருக்காக இது செய்யப்படவில்லை. செயலியில் எடையைக் கூட்டிப் போடுவது எளிது என்பதால்தான், பிரிட்டனில் மருந்தகங்களைக் கண்காணிக்கும் ஜெனரல் ஃபார்மசூட்டிகல் கவுன்சில் 2025 பிப்ரவரியில் தன் வழிகாட்டுதலை இறுக்கியது. இணையப் படிவத்தை மட்டும் நம்பி எடை மருந்து தரக் கூடாது; காணொளியிலோ நேரிலோ மருத்துவப் பதிவுகளிலோ எடையைத் தனியே சரிபார்க்க வேண்டும் என்றது. நம் ஊருக்கும் இது வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நல்ல மருத்துவர் உங்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கோ ரத்த சொந்தத்தில் யாருக்கோ மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா? இருந்தால் இந்த ஊசிகள் கூடாது. கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா? கண் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு இருக்கிறதா? சர்க்கரை திடீரென இறங்கும்போது அந்தப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால் செமாக்ளூட்டைடு தொடங்கும் முன் கண் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பிள்ளைப்பேறு நினைப்பு இருக்கிறதா? கருத்தரிக்க எண்ணுவதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே செமாக்ளூட்டைடை நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். தொடங்கிய பின் 4 வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். திருமணமான பெண்களிடம்கூட இந்தப் பேச்சை எடுக்காமல் சீட்டு எழுதுவது பெரிய குறை.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம் என்று வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். பழைய மாத்திரையின் அளவைக் குறைப்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் கலந்து வருவதால், தான் சாப்பிடுவதில் கிளிமிபிரைடு இருப்பதே பலருக்குத் தெரியாது. அட்டையைக் கேமராவில் காட்டிவிடுவது நல்லது.

ஊசி பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் சாதாரண மாத்திரைகளை மறந்துவிடக் கூடாது. மெட்ஃபார்மினுக்குச் சிறுநீரகச் செயல்பாட்டைத் தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை வேண்டும். டாப்பாகிளிஃப்லோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்கும் காணொளி அழைப்பில் அதை யார் சொல்வார்கள்? மருத்துவரோடு பேசும் அந்தப் பத்து நிமிடம் தனி அறையில் இருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் டாப்பாகிளிஃப்லோசினைத் தொடரலாமா என்றும் கேட்டு வையுங்கள். இன்னொன்று, ஒல்லியான இளைஞர் ஒருவருக்கு எடை மளமளவெனக் குறைந்து, தாகமும் சிறுநீரும் கூடி, சர்க்கரை அதிகமென்றால் அது இன்சுலின் உடனே தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். செயலியில் மாத்திரை தேட அங்கே நேரமே இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. சித்திரை வெயிலில் வண்டியில் மணிக்கணக்காகக் கிடந்த பெட்டியின் குளிர்கட்டி முழுக்கச் சூடாகியிருந்தால் வாங்க மறுத்துவிடுங்கள். வீட்டில் ஃபிரீசரையொட்டி வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். குப்பியில் வரும் மருந்தைத் தானே ஊசியில் ஏற்றுபவர், மில்லிகிராம், மில்லிலிட்டர், ஊசியின் மேலுள்ள யூனிட் கோடு மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்தைத் தாங்களே கலந்து தரும் கடைகளில் தயாரித்த குப்பி செமாக்ளூட்டைடைப் போட்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாக ஏற்றிக்கொண்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் எச்சரித்தது. முதல் ஊசியை ஒரு செவிலியர் முன்னால் போட்டுப் பழகுவது நல்லது. போலிகளும் உண்டு: பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் ஓசெம்பிக் என்ற பெயரில் வரும் செமாக்ளூட்டைடு ஊசியின் போலி பிடிபட்டதையொட்டி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. வாட்ஸ்அப் குழுவில் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சர்க்கரையை அடியோடு குணமாக்குகிறோம், எடையை நிரந்தரமாகக் கரைக்கிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு வரி: 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி, சர்க்கரை நோயும் உடல் பருமனும் மருந்தைக் காட்டி அப்படி விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் இருக்கின்றன.

ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் குமட்டலும் மலச்சிக்கலும் இயல்பு. அதனால்தான் செமாக்ளூட்டைடை 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து 4 வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுகிறார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று அளவை நீங்களே ஏற்றாதீர்கள். பசி குறையும்போது சாதத்தைக் குறைத்து முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று புரதத்தைக் கூட்டினால் கொழுப்போடு தசையும் கரைந்துபோவது குறையும். அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போனால் இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். இரைப்பையில் உணவு தங்கியிருக்கும் என்பதால் அவர் தெரிந்தே ஆக வேண்டும். விடாத வாந்தி, முதுகுவரை பாயும் கடும் வயிற்று வலி வந்தால் செயலியில் செய்தி அனுப்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

பணம் கட்டி ஆலோசனை பெற முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் காணொளி ஆலோசனை இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண் உங்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்கிறார். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.