தூண் நிற்கிறது, காவல்காரருக்குத்தான் வயசு

"வயசானா மூளையில செல்லெல்லாம் செத்துப்போகும்கிறாங்களே, எனக்கு எத்தனை மிச்சம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் திருப்பத்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

நிறையவே இருக்கும் ஐயா. மூளை என்றதும் நாம் நரம்புச் செல்களை மட்டுமே எண்ணுகிறோம். அவை ஏறக்குறைய 8,600 கோடி. கிட்டத்தட்ட அதே அளவு துணைச் செல்களும் உண்டு. 1850களில் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவர் அவற்றுக்கு 'நரம்புப் பசை' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். அப்புறம் பசையை யார் மதிப்பார்கள்?

இவற்றில் எனக்குப் பிடித்தது மைக்ரோகிளியா. அது பிறக்கும் இடம் மூளையே அல்ல. கருவோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளை உருவாகத் தொடங்கும்போதே உள்ளே வந்து குடியேறிவிடும். பிறகு அங்கேயே பெருகிக்கொள்ளும். மெல்லிய கைகளை நீட்டி ஓயாமல் சுற்றுப்புறத்தைத் துழாவும். குப்பை கண்டால் விழுங்கும்.

எங்கள் பூர்வீக வீட்டுக்குக் காவலிருந்த பெரியவரும் அப்படித்தான். முகப்பு முதல் பின்கட்டு வரை தினமும் ஒரு நடை; ஒரு சருகு கிடக்காது. எழுபது தாண்டியதும், பெருக்கியதை வெளியே கொண்டுபோய்க் கொட்ட முடியாமல் தன் அறையிலேயே குவித்தார். பூனை நடந்தாலும் "யார்ரா அது?" என்று கம்பைத் தூக்குவார். ஒருமுறை எனக்கே ஓங்கினார்.

வயதான மைக்ரோகிளியாவுக்கும் இதே கதி. விழுங்கியது செரிக்காமல் லிப்போபசின் என்ற பழுப்புக் கசடு உள்ளே சேரும். கைகள் குட்டையாகும், துண்டுபடும். சின்ன உரசலுக்கும் அழற்சிப் பொருள்களைக் கொட்டும். அடி விழுவது பக்கத்து நரம்புக்கு.

பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்சில் பல்குனி ஆனந்த் அல்லாடி குழுவினர், இறந்தவர்களின் நடுமூளையில் டோபமின் சுரக்கும் பகுதியை ஆராய்ந்தார்கள். இந்தியர்களிடம் அந்த நரம்புச் செல்கள் வயதோடு குறையவில்லை என்பது 2009இல் வெளியான முடிவு. 2015இல் அதே இடத்துத் துணைச் செல்களைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் வடிவமே வயதோடு மாறியிருந்தது.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காகவே நிம்ஹான்சில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. கண்தானத்துக்கு ஊர்வலம் போகிற நம் ஊரில் மூளைதானம் என்றால் சிரிக்கிறார்கள். மறதி வந்தவரையோ "வயசாச்சு" என்று திண்ணையில் உட்கார்த்தி வைத்துவிடுகிறோம்.

நாங்கள் மட்டும் என்ன? பூர்வீக வீட்டின் பர்மா தேக்குத் தூண்களுக்குத் தவறாமல் வார்னிஷ் அடித்தோம். அந்தப் பெரியவருக்கு ஒரு கையாள் வைத்துக்கொடுக்கக் கடைசிவரை எங்களுக்குத் தோன்றவில்லை.