இரத்தக் குழாய் அறுபட்டவரை எங்கே கொண்டு செல்வது?

திருப்பூர், பல்லடம் வட்டாரங்களில் பனியன் ஆலையோ விசைத்தறியோ இல்லாத ஊர் அரிது. இயந்திரத்தில் சிக்கியோ, சாலை விபத்திலோ கைகால்களின் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால், அதனை இணைக்கும் அறுவைச் சிகிச்சை எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நடைபெறுவதில்லை. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயமுத்தூருக்கு மாற்ற நேரிடலாம்.

இரத்த ஓட்டம் நின்ற தசை ஏறக்குறைய 6 மணி நேரத்தில் மீளாதபடி கெட்டுவிடும். இக்கணக்கு காயம்பட்ட நொடியிலேயே தொடங்குகிறது; உறவினர் கூடி யோசிக்கும் நேரமும் அதில் அடக்கம். இரத்தப் போக்கு நின்றுவிட்டதே என்று அமைதி கொள்ளலாகாது. கை வெளிறி, குளிர்ந்து, மரத்து, நாடி தென்படாதிருப்பின் அபாயமே.

சுத்தமான துணியால் காயத்தை விடாது அழுத்திப் பிடித்துக்கொண்டு, 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மிகுந்த இரத்தம் இழந்தவரை நேரே நெடுந்தூரம் அனுப்புதல் தகாது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் போக்கை அடக்கி, வேண்டிய இரத்தம் ஏற்றிய பின்னரே பிரயாணம். அங்குள்ள டாக்டர் தொலைபேசியில் முன்னரே தெரிவித்தால், மறுமுனையில் அறுவை அரங்கு ஆயத்தமாயிருக்கும். காயம்பட்ட நேரமும் கொடுத்த மருந்துகளும் எழுதிய சீட்டு நோயாளியுடன் செல்ல வேண்டும். இச்சீட்டு மறக்கப்பட்டால், செய்த சோதனைகளையே மீண்டும் செய்து பொழுது கழியும்.

தொழிலாளியாயின் இ.எஸ்.ஐ. அட்டையையும் உடன் எடுத்துச் செல்க.