அம்பாசடர் இன்ஜின் பிளாக்: கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

போன எபிசோடில் அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரிச்சு, க்ராங்க், பிஸ்டன், கேம் எல்லாம் வெளியே எடுத்தாச்சு. மிச்சம் இருப்பது வெறும் வார்ப்பிரும்பு பிளாக். இதுக்கு நடுவில் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "லேத்துல போர் போட்டு, ஹோன் பண்ணி, அவங்களே டீசல் அடிச்சுக் கழுவிக் குடுத்துட்டாங்க சார். நேரா அசெம்பிள் பண்ணிடலாமா?"

பண்ணாதீங்க. ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

இந்த இன்ஜின் இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனியுடைய பி-சீரிஸ். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் இதே குடும்பம்தான். அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்னு போச்சு. உங்க கையில் இருக்கும் பிளாக்கில் கோடு விழுந்தா அடுத்த சைஸுக்கு போர் போடணும். அப்படி 40 தவ் வரைக்கும், அதாவது ஏறக்குறைய 1 மி.மீ. வரைக்கும்தான் போக முடியும். அதுக்கப்புறம் ஸ்லீவ்தான். அதனால ஒரு போரை வீணாக்குறது சின்ன விஷயம் இல்லை.

சரி, அழுக்கு எங்கே இருக்கு? வெளியே ஒட்டின கிரீஸும் மண்ணும் சுரண்டினா போயிடும், அதைப் பத்திக் கவலை வேண்டாம். ஆபத்து ஆயில் ஓடும் வழியில்தான். இந்த இன்ஜினில் ஆயில் பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் மெயின் கேலரிக்கு வந்து, சின்னச் சின்ன துளை வழியா பேரிங்குக்குப் போகுது. கவனிங்க: கேலரி ஃபில்டருக்கு அப்புறம் இருக்கு. அதுக்குள்ள ஒரு துகள் கிடந்தா, அது முதலில் பார்க்கப்போவது உங்க புது பேரிங்கைத்தான். ஃபில்டர் அதைப் பிடிக்க வாய்ப்பே இல்லை. பேரிங்குக்கும் க்ராங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ 0.05 மி.மீ.க்குள்!

அதனால லேத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே கேலரி முனையில் இருக்கும் பிளக்குகளைக் கழட்டிடுங்க. பல வருஷமா இறுகிப்போய் இருக்கும். சுற்றி இருக்கும் இரும்பைச் சூடு பண்ணினா இளகும். பக்கவாட்டில் இருக்கும் வட்டமான வெல்ச் பிளக்குகளையும் எடுக்கணும். ஒரு ஓரத்தில் பஞ்ச் வைச்சுத் தட்டினா அது குறுக்கே திரும்பி நிற்கும், பிளையரால் இழுத்துடலாம். உள்ளே விழவிட்டா எடுக்க நீங்க படும் பாடு உங்களுக்கே தெரியும்!

அந்த ஓட்டை வழியா வாட்டர் ஜாக்கெட்டைப் பாருங்க. பச்சைத் தண்ணியிலும் போர் தண்ணியிலும் ஓடின வண்டின்னா, பின்பக்கம் நாலாவது சிலிண்டரைச் சுற்றி துருவும் சேறும் கெட்டியாக் கிடக்கும். பிளாக்கின் தண்ணி டேப்பைத் திறந்தா சொட்டுக்கூட வரலைன்னா இதுதான் காரணம். கம்பியால் குத்திக் கிளறித்தான் எடுக்கணும், வேற மந்திரம் இல்லை.

காஸ்டிக் சோடா கொதிதொட்டியில் போடுறதா இருந்தா கேம் பேரிங்கையும் முன்னாடியே எடுத்துடுங்க, காஸ்டிக் அந்த உலோகத்தைக் கெடுத்துடும். அலுமினியப் பாகம் எதையும் கூடவே போடாதீங்க. வீட்டில் கரைக்கிறவங்க தண்ணியில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இப்போ நேயர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஹோன் பண்ணும்போது கல்லின் பொடியும் இரும்புப் பொடியும் போர் சுவரில் இருக்கும் நுண்ணிய கோடுகளுக்குள் ஒட்டிக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் மேலே இருக்கும் எண்ணெயைக் கரைக்கும், பொடி அங்கேயே தங்கிடும். கூடவே கேலரிக்குள்ளும் ஒதுங்கும். அதை வைச்சு அசெம்பிள் பண்ணினா, புது ரிங்குக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்.

பொடியைத் தூக்குறது சுடுதண்ணியும் சோப்பும்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணியே போதும். போருக்கு நைலான் பிரஷ், ஆயில் துளைக்கு துப்பாக்கிக் குழல் துடைக்கும் ரகத்தில் நீள பிரஷ். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் பிரஷ் போகணும். பிறகு கம்ப்ரெசர் காற்றை ஒரு முனையில் கொடுத்து, ஒவ்வொரு மெயின் பேரிங் துளையிலும் காற்று வருதான்னு விரல் வைச்சுப் பாருங்க. ஒண்ணில் வரலைன்னா மறுபடி பிரஷ்.

போர் சுத்தமாச்சான்னு கண்ணால் தெரியாது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே துடைங்க. சாம்பல் நிறம் வந்தா திரும்பக் கழுவணும். நாலு தடவை ஆனாலும் ஆகட்டும்.

கழுவின வார்ப்பிரும்பு நம்ம ஊர் ஈரக் காற்றில் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே சிவக்க ஆரம்பிச்சுடும். அதனால காற்றடிச்ச கையோட போர், பேரிங் இடம், மேல் மட்டம் எல்லாத்திலும் இன்ஜின் ஆயில் தடவி, பெரிய பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டிடுங்க. பிளக்குகள் போடுறது, க்ராங்கின் ஆயில் துளைகளைச் சுத்தம் பண்றது இரண்டும் அடுத்த எபிசோடில்.