சந்தனக்கூட்டு இரவு: சஞ்சலமின்றிச் சென்று வர...

கந்தூரிக் காலம் நெருங்குகையில், சேவூர், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு பேச்சு எழுவதுண்டு: "இவ்வாண்டு நாகூர்ச் சந்தனக்கூட்டுக்குக் குடும்பத்தோடு போய் வந்தால் என்ன?"

நல்ல எண்ணமே. ஆயினும், ஓரிரவு விழாவுக்குச் சென்று, மூன்று நாள் அலுப்போடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. அவ்வலுப்பில் பெரும்பங்கு தாய்மார்களுக்கே வந்து சேருகிறது. வாசக அன்பர்களே, இதனைத் தவிர்க்க இயலும். ஆனால், புறப்படுமுன் வீட்டிலேயே சில முடிவுகளைச் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தேதி. ஜமாதுல் ஆகிர் முதற்பிறையில் கொடியேறும். பிறை பத்தின் இரவில் சந்தனக்கூடு. நம் கணக்கில் நாள் என்பது மஃரிபில் பிறக்கிறது. இரவு முந்தும், பகல் பிந்தும். 2024ஆம் ஆண்டில் டிசம்பர் 2 மாலையில் கொடியேறிற்று. சந்தனக்கூடு டிசம்பர் 11 இரவு. சந்தனம் பூசியது 12ஆம் தேதி விடியற்காலை. பன்னிரண்டாம் தேதியை மட்டும் மனத்திற்கொண்டு அன்று மாலை சென்று இறங்குவோர் விழாவைத் தவறவிடுவர்.

இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. பிறையோ அந்த மாதம் பிறக்கும்போதுதான் உறுதியாகும். ஆகவே, எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னரே சென்று சேரவும், ஒரு நாள் பின்னர்த் திரும்பவும் திட்டமிடுங்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைப்போருக்கு விடுப்பு நாளில் கூலியில்லை. அவ்விழப்பையும் பயணச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டாவது, எதைக் காண்பது? கூடு முன்னிரவில் நாகப்பட்டினத்தில் புறப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் நாகூர் வந்தடைகிறது. கைக்குழந்தையோ முதியவரோ உடனிருப்பின், ஊர்வலம், சந்தனம் பூசுதல் ஆகிய இரண்டையும் காண முயலாதீர்கள். முன்னிரவில் நாகப்பட்டினத்திலேயே ஊர்வலத்தைக் கண்டுவிட்டு, தங்குமிடம் சென்று உறங்கலாம். அல்லது மாலையில் உறங்கியெழுந்து, விடியற்காலை நிகழ்ச்சிக்குச் செல்லலாம். அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது அவசியம்.

மூன்றாவது, பொறுப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என வீட்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் தாயின் கையில் விட்டுவிட்டு ஆண்கள் முன்னே நடப்பது முறையன்று. பிள்ளையின் சட்டைப்பையில் பெயரும் இரு தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். "மினாராவடியில் சந்திப்போம்" என்றால் போதாது. அங்கே மினாராக்கள் ஐந்து! கூட்டத்திற்கு விலகிய ஒரு கடையைக் குறித்து, பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். பிள்ளை காணாமற்போனால் அருகிலுள்ள காவலரிடம் உடனே கூறுங்கள். 1098, 112 ஆகிய எண்களும் உதவும்.

அண்மை ஆண்டுகளில் கந்தூரி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. குடை, மாற்றுடை, முதியோரின் மருந்து ஆகியன மறவாதீர்கள். புயல் எச்சரிக்கை இருப்பின் பயணத்தை நிறுத்திவிடுவதே அறிவுடைமை. கந்தூரி அடுத்த ஆண்டும் வரும்.

திரும்பி வந்தபின், "என்ன கண்டாய்?" என்று வீட்டுத் தாயிடம் கேளுங்கள். பிள்ளைகளையும் பைகளையும் காத்ததைத் தவிர வேறொன்றும் காணவில்லை என அவர் கூறாத பயணமே நிறைவான பயணம். இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் அவ்வாறே அமையட்டும்!