முதியோரின் அன்றாடச் செயல்கள்: மதிப்பை அளக்கும் முறை

திருப்பதியில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் மாலையில் அருகிலுள்ள கோயிலுக்குப் பூத் தொடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். கண்ணிற் புரை வளர்ந்ததனால் நார் முடிச்சு தெரியவில்லை; பிள்ளைகளும் "இனி வேண்டாம், அம்மா" என்று அன்புடன் தடுத்துவிட்டனர். இப்போது அவர் நாள் முழுதும் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருக்கிறார். இவர் வாழ்வில் நேர்ந்த இழப்பை எவ்வாறு அளப்பது?

வழக்கமான அளவைகளில் இவ்விழப்பு புலப்படாது. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவை நீராடல், உடுத்தல், கழிப்பிடம் செல்லல், படுக்கையினின்று எழுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணல் ஆகிய ஆறு செயல்களை மட்டும் ஆராய்வது. நம் மூதாட்டி ஆறிலும் தேறிவிடுவார். 1969-இல் லாட்டன், பிராடி இருவரும் வகுத்த அளவை கடைக்குச் செல்லல், பணத்தைக் கையாளல் முதலிய எட்டினைச் சேர்த்தது. (சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஆடவர்க்குக் கணக்கிடப்படவில்லை. நம் இல்லங்களை அறிந்தோர் இதனைக் கண்டு வியப்படையார்.) இவையிரண்டும் இன்றும் மருத்துவர்க்கு உதவுவன. ஆயினும் ஒருவரால் ஒரு செயலைச் செய்ய இயலுமா என்பதையே இவை காண்கின்றன. அச்செயலை அவர் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார் என்பது இவற்றிற்கு அப்பாற்பட்டது.

இக்குறையை நீக்கும் முயற்சிகளுள் ஒன்று, ஈக்மன், கார்ல்சன், கிளார்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட அளவையாகும். இதில் தோட்டவேலை, வழிபாடு, பிறர்க்கு உதவுதல் போன்ற 28 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எத்துணை அடிக்கடி செய்கிறார் என்பதற்கு 0 முதல் 6 வரையும், அது தமக்கு எத்துணைப் பொருளுடையது என்பதற்கு 0 முதல் 4 வரையும் முதியவரே எண் தருவார். இரண்டையும் பெருக்கி, 28 பெருக்குத் தொகைகளையும் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். அதன் உச்ச எல்லை 672.

பூத் தொடுத்தலுக்கு நம் மூதாட்டி முன்பு 6-ம் 4-ம் தந்திருப்பாரெனின் பெருக்குத் தொகை 24. இன்று அடுக்கு 0. ஆகவே தொகையும் 0. தொலைக்காட்சிக்கோ 6-ம் 1-ம், தொகை 6. இழப்பு எண்ணாக வெளிப்பட்டுவிட்டது. எனினும் இப்பெருக்கலில் ஓர் இடர் உண்டு. விரும்பியும் செய்ய இயலாதவருக்கும், விருப்பமே இல்லாதவருக்கும் ஒரே பூஜ்யம்தான் வரும். முன்னவர்க்குச் சிகிச்சையோ துணையோ தேவை. பின்னவர்க்கு ஒன்றும் தேவையில்லை. ஆகையால் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல், இரண்டு எண்களையும் தனித்தனியே நோக்குவதே முறை என்பது எம் கருத்து.

இவ்வளவையைச் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் கையாள்வதற்கு முன் அதனைத் திருத்தியமைக்க வேண்டும். கார் ஓட்டுதல், கணிப்பொறியைப் பயன்படுத்தல் போன்றவை இங்குள்ள பல முதியோர்க்குப் பொருந்தா. மாந்தோப்புக் காவல், கறவை மாட்டைப் பேணல், வாசலிற் கோலமிடல், பேரக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லல் முதலியன பட்டியலில் ஏறவேண்டும். அங்ஙனம் மாற்றியபின் கிடைக்கும் மதிப்பெண்ணை அமெரிக்க மதிப்பெண்ணோடு ஒப்பிடுதல் தகாது.

மொழியோ இதனினும் கடினமானது. சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. இன்றும் இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்குகின்றன. தெலுங்குப் பேச்சில் 'அர்த்தமய்யிந்தா' என்றால் 'விளங்கிற்றா' என்பது கருத்து. தமிழிலோ 'பொருள்' என்பது செல்வத்தையும் குறிக்கும். எனவே "இச்செயல் பொருளுடையதா?" என்று வினவினால், அதனால் வருமானம் உண்டா என்று கேட்பதாக ஒருவர் கொள்ளக்கூடும். "இது இல்லாவிடில் உங்களுக்கு எவ்வளவு குறையாகத் தோன்றும்?" என்பது போன்ற வினாவை ஆக்கி, வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்கு மீண்டும் பெயர்த்து, சிலரிடம் சோதித்த பின்னரே ஏற்கவேண்டும்.

வினவும் இடமும் கருதத்தக்கது. மகனும் மருமகளும் அருகிலிருக்க, "எனக்கென்ன குறை?" என்றே பெரும்பாலோர் விடையளிப்பர்.

மூதாட்டியின் கண்புரை அறுவைச் சிகிச்சையால் நீங்கியபின், சில திங்கள் கழித்து அவரைத் தனியே அமர்த்தி அதே வினாக்களை மீண்டும் கேட்கலாம். பார்வை தெளிந்தும் பூத் தொடுத்தலின் அடுக்கு 0-விலேயே நின்று, மதிப்பு 4-ஆகவே இருப்பின், தடை இனிக் கண்ணில் இல்லை. பிள்ளைகளின் "வேண்டாம்" என்ற சொல்லிலோ, பூக்கடைக்குச் செல்லும் வழியிலோ அதனைத் தேடவேண்டும்.